பொருள்: நெல் ஈரப்பதம் தொடர்பாக

என் மடிக்கணினியில் 'பெரியப்பா மனு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. 2014-ல் ஆரம்பித்தது. பெரியப்பா எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளர். எனக்குத் தமிழ்த் தட்டச்சு தெரியும் என்பதைத் தவிர அந்தச் சங்கத்தோடு எனக்கு வேறு சம்பந்தம் கிடையாது. மாதக் கடைசியில் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும். அதற்கு இரண்டு நாள் முன்னால் போன் வரும். "தம்பி, ஒரு மனு அடிக்கணும்." அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். அனுப்புநர், பெறுநர், பொருள். இதில் அவர் ரொம்ப நேரம் யோசிப்பது பொருள் வரிக்குத்தான். "அத படிச்சிட்டுத்தான் எந்த டேபிளுக்கு அனுப்புறதுன்னு முடிவு பண்ணுவாங்க. அது தப்பாப் போச்சுன்னா மனு வழி தெரியாம சுத்தும்" என்பார்.

போன பொங்கல் லீவில் அந்த ஃபோல்டரை முழுசாகத் திறந்து பார்த்தேன். 87 மனுக்கள். சும்மா ஒரு ஆர்வத்தில் 'பருவநிலை மாற்றம்' என்று தேடினேன். இரண்டே மனுவில் இருந்தது. இரண்டிலும் அதைச் சேர்த்தவன் நான்தான், கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டுமே என்று. பெரியப்பா அந்த வார்த்தையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனால் 87-ல் பாதிக்கு மேல் அந்தச் சங்கதியைப் பற்றியவைதான். பொருள் வரிகளைப் படித்தால் தெரியும்: நெல் ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோருதல். பயிர்க் காப்பீடு செலுத்தக் கடைசித் தேதியை நீட்டிக்கக் கோருதல். வடிகால் வாய்க்காலை மழைக்கு முன் தூர்வாரக் கோருதல். மூழ்கிய பயிரைக் கணக்கெடுக்கக் கோருதல்.

ஒவ்வொன்றிலும் ஒரு எண் இருக்கும், இல்லை ஒரு தேதி, இல்லை ஓர் எல்லைக்கோடு. வேளாண்மைக்கான காலநிலைக் கொள்கை என்று மாநாடுகளில் பேசுகிறார்களே, அது எங்கள் டெல்டாவுக்கு வந்து சேரும்போது இந்த உருவத்தில்தான் வருகிறது. அந்த எண்ணை அசைக்கத்தான் விவசாயிகள் கூடுகிறார்கள். அசைந்தும் இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

*

முதலில் 17.

அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுத்துக்கொள்ள ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி நெல்லை மிசினில் போட்டு ஒரு திருகு திருகினால் எண் வரும். 17 என்று வந்தால் மூட்டை ஏறும். 19 என்று வந்தால் நெல்லைத் திரும்பக் கொட்டிக் காயவைக்க வேண்டும். எங்கே காயவைப்பது? களம் என்று ஒன்று இருந்த இடத்தில் இப்போது கட்டடம் இருக்கிறது. ஆகவே ரோடு. அக்டோபர் மாதம் மன்னார்குடியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் பாதி ரோடு நெல்லாக இருக்கும், பக்கத்தில் சுருட்டி வைத்த தார்ப்பாயோடு ஒரு பெண் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டில் அது பெரியம்மா.

இதில் கணக்கு ஒன்று உண்டு. 22 சதவீத ஈரத்தில் இருக்கும் 40 கிலோ மூட்டையைக் காயவைத்து 17-க்குக் கொண்டுவந்தால் அது ஏறக்குறைய 37.6 கிலோ ஆகிவிடும். மூட்டைக்கு 2.4 கிலோ தண்ணீர். அரசின் வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது: தண்ணீருக்கு நாங்கள் ஏன் நெல் விலை கொடுக்க வேண்டும், ஈர நெல்லை அடுக்கி வைத்தால் அவியாதா, பூசணம் பிடிக்காதா என்று. அது பொய்யான வாதம் இல்லை. பெரியப்பாவும் ஒப்புக்கொள்வார். அவருடைய கேள்வி வேறு. "வெயில் அடிக்கிற மாசத்துக்கு வெச்ச கணக்க மழ பெய்யிற மாசத்துக்கும் வெச்சா எப்புடி?"

குறுகிய காலப் பயிரான குறுவையின் 2022 அறுவடையில் மத்திய அரசிடம் 22 கேட்டார்கள், 19 கிடைத்தது. 2023 பிப்ரவரியில், நீண்ட காலப் பயிரான சம்பாவின் அறுவடை நேரத்தில், பருவம் தப்பிய மழை கொட்டியது. அப்போது 20 கிடைத்தது. 2025 அக்டோபரில் மழை முந்திக்கொண்டு, குவித்து வைத்த நெல் முளைத்துப்போனது. மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போயின. நவம்பரில் முடியாது என்று பதில் வந்தது. அதற்குள் அறுவடையே முடிந்துவிட்டது. இதில் எனக்கு உறுத்துவது பதிலைவிட வழிமுறைதான். மழை பெய்யும், சங்கங்கள் மனுக் கொடுக்கும், மாநில அரசு கடிதம் எழுதும், குழு கிளம்பும், ரோட்டில் நிற்கும் விவசாயியின் நெல்லைப் பையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும், அறிக்கை வரும். முளை விடுவதற்கு நெல்லுக்கு அத்தனை நாள் தேவையில்லை.

ஃபோல்டரை வரிசையாகப் படித்தபோது ஒரு மாற்றம் தெரிந்தது. ஆரம்பத்து மனுக்களில் "ஈரப்பதத்தை 22 ஆக உயர்த்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று மட்டும் இருக்கும். 2023-க்கு அப்புறம் வாசகம் மாறியிருக்கிறது. ஒன்றியத்து மழைமானியில் இத்தனை நாளில் இத்தனை மில்லிமீட்டர் பதிவானால், யாரும் கேட்காமலேயே தளர்வு அமலுக்கு வரும்படி நிரந்தர ஆணை வேண்டும். கூடவே ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துக்கும் உலர்த்தும் இயந்திரம் வேண்டும். பக்கத்து ஆறு ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரு மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்த வாசகம் அது. சலுகை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் விதியைத் திருத்தி எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அடித்துக் கொடுத்தபோது எனக்கு இது உறைக்கவில்லை.

இன்னும் அப்படி ஓர் ஆணை வரவில்லை. ஆனால் தேதி விஷயத்தில் வந்தது. கொள்முதல் பருவம் அக்டோபர் 1-ம் தேதிதான் தொடங்கும் என்பது நாடு முழுக்க இருந்த விதி. 2022-ல் மேட்டூர் அணையை மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் பாசனத்துக்குத் திறந்தது அதுதான் முதல் முறை. அப்படியானால் குறுவை ஆகஸ்ட் கடைசியிலேயே அறுவடைக்கு வந்துவிடும், அக்டோபர் வரை நெல்லை மடியிலா கட்டிக்கொள்வது? கேட்டார்கள். செப்டம்பர் 1 என்று மாற்றினார்கள். ஒரு மாதம். மழைக்கு முன்னால் கிடைத்த ஒரு மாதம் என்றால் டெல்டாவில் அது என்ன என்று சொல்லவே வேண்டாம்.

*

மேட்டூர் என்றால் ஜூன் 12. எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த தேதி. அன்றைக்குத் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து எங்களுக்கு வரும். வாய்க்கால் முடியும் கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் நாளாகும். ஜூனில் நாற்று விட்டால் செப்டம்பர் கடைசியில் குறுவை வீட்டுக்கு வந்துவிடும், அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது வயலில் சம்பா வேர் பிடித்து நிற்கும். தாத்தா காலத்து ஏற்பாடு. தண்ணீர் ஆறு வாரம் தள்ளி வந்தால் என்ன ஆகும்? 2024-ல் ஜூலை 28-தான் திறந்தார்கள். அப்படித் தள்ளிப்போனால் குறுவைக் கதிர் மழையில் சாயும், சம்பா இளம் நாற்று நவம்பர் வெள்ளத்தில் மூழ்கும். ஒரே தாமதத்துக்கு இரண்டு அடி.

இந்தத் தேதிக்காக விவசாயிகள் செய்ததில் பெரியது எதுவென்று கேட்டால், சாலை மறியலையும் ரயில் மறியலையும் விட்டுவிட்டு 1983-ஐச் சொல்வேன். அந்த வருஷம் டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பெயரைப் பாருங்கள்: தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம். இந்தப் பெயரை அடித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது, டெல்லி வழக்கறிஞர்கள் எப்படிப் படித்தார்களோ. மன்னார்குடி ரங்கநாதன் முன்னின்று நடத்திய சங்கம். காவிரி நீரைப் பங்கிடுவதில் மாநிலங்கள் பேசிப் பேசி முடியாத விவகாரத்துக்கு நடுவர் மன்றம் அமைக்கச் சொல்லுங்கள் என்பது வழக்கு. ஏழு வருஷம் ஆனது. 1990 மே 4 அன்று ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றம் அமைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது, ஜூன் 2 அன்று அமைந்தது. 1991-ன் இடைக்காலத் தீர்ப்பு, 2007-ன் இறுதித் தீர்ப்பு, 2018-ல் கர்நாடகம் வருஷத்துக்குத் தர வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் வைத்த கணக்கு, அதே வருஷம் வந்த காவிரி மேலாண்மை ஆணையம், எல்லாவற்றுக்கும் மூல மனு ஒரு விவசாயிகள் சங்கத்தின் மனு. கோயில் திண்ணையில் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது சொன்னால் பெரியப்பா இதைத்தான் எடுத்துவிடுவார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதிகம் பேர் பேசாதது. 2003-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் போன்றவர்களின் முயற்சியில், வழக்கில் எதிரெதிரே நின்ற கர்நாடக, தமிழ்நாட்டு விவசாயிகள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். காவிரிக் குடும்பம் என்று பெயர். கர்நாடகத்து மண்டியாக்காரர்கள் இங்கே வந்து பிளந்து கிடந்த வயலைப் பார்த்தார்கள். இங்கிருந்து போனவர்கள் அங்கே அணைகள் கிடந்த கிடப்பைப் பார்த்தார்கள். மழை பொய்த்த வருஷத்தில், இருக்கிற தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடிப்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. இரு மாநில அரசுகளும் ஏற்கிற மாதிரி ஒரு சூத்திரம் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் அவர்கள் தொட்ட இடம் சரியான இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல மழை வருஷத்தில் தீர்ப்பே தேவையில்லை, தண்ணீர் தானாக வரும். வறட்சி வருஷம்தான் கேள்வி. அந்த வருஷங்களில்தான் நாம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சண்டை போடுகிறோம்.

2016 அப்படிப்பட்ட வருஷம். வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். மார்ச்சில் விவசாய சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் மண்டை ஓட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு டெல்லி ஜந்தர் மந்தரில் 41 நாள் இருந்தார்கள். அதை அசிங்கம் என்று முகம் சுளித்தவர்கள் என் ஆபீசிலேயே இருந்தார்கள். அன்று நான் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்: குறைதீர் கூட்டத்தில் மைக் பிடித்து எத்தனை தடவை பேசியும் யாரும் திரும்பிப் பார்க்காதவன், வேறு என்னத்தைக் கழுத்தில் கட்டுவான்?

*

காப்பீடு. 87-ல் 31 மனு இதற்குத்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், அலுப்பான இடம் இது, ஆனால் பணம் இங்கேதான் இருக்கிறது.

2016-லிருந்து பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். சம்பாவுக்கு நாங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், ஏக்கருக்கு ஐந்நூறு சொச்சம். பாக்கிக் கட்டணத்தை மத்திய, மாநில அரசுகள் போடும். இழப்பீடு தனித்தனி வயலைப் பார்த்து வருவதில்லை. வருவாய்க் கிராமத்துக்கு நான்கு இடம் குலுக்கல் மாதிரி எடுப்பார்கள். அங்கே ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுத்து, தூற்றி, எடை போடுவார்கள். அந்தச் சராசரிதான் ஊருக்கே மகசூல். அது ஒரு வரம்புக்குக் கீழே போனால் ஊருக்கே இழப்பீடு, போகாவிட்டால் யாருக்கும் இல்லை. ஒரு ஊரில் மேட்டு வயலும் உண்டு, பள்ள வயலும் உண்டு. குலுக்கலில் மேட்டு வயல் வந்துவிட்டால் பள்ளத்துக்காரன் கதி அதோகதி. ஆனாலும் முன்பு பெரிய வட்டாரத்தை ஒரே அலகாகப் பார்த்ததை வருவாய்க் கிராமம் வரை இறக்கியதே சங்கங்கள் வருஷக்கணக்காகக் கேட்டதுதான்.

அந்த வரம்பை எப்படிப் போடுகிறார்கள் என்பது எனக்குப் புரிய நாலு வருஷம் ஆனது. போன ஏழு வருஷ மகசூலில் நல்ல ஐந்து வருஷத்தை எடுத்துச் சராசரி பார்த்து, அதில் ஒரு சதவீதம், 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊரில் ஏக்கருக்கு 2,400, 2,300, 2,350, 2,450, 2,400 கிலோ, கெட்ட வருஷம் இரண்டு. கெட்ட இரண்டும் கழிந்துபோகும். சராசரி 2,380, வரம்பு 1,904. சரி. அடுத்த ஊர் கடைமடை. அங்கே ஏழில் நாலு வருஷம் கெட்டது: 2,400, 2,300, 2,400, அப்புறம் 1,500, 1,200, 900, 700. நல்ல ஐந்து என்று எடுத்தாலும் சராசரி 1,960 தான், வரம்பு 1,568. இந்த வருஷம் இரண்டு ஊரிலும் 1,600 கிலோ விளைந்தது என்றால்? முதல் ஊருக்குப் பணம் வரும். ஓயாமல் அடி வாங்கிய இரண்டாவது ஊருக்கு ஒரு பைசா வராது. உன் ஊரில் இவ்வளவுதான் விளையும், அதனால் உனக்கு இது நஷ்டமே இல்லை என்கிறது கணக்கு. வானம் கெடக் கெட வரம்பும் கூடவே இறங்கும்.

இதை ஒரு தாளில் போட்டுக் காட்டியபோது பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இத அப்படியே மனுவுல கட்டம் போட்டு வைடா" என்றார். அந்த மனுதான் ஃபோல்டரிலேயே பெரிய மனு, மூன்று பக்கம். அதை ஜெராக்ஸ் எடுத்து நாகப்பட்டினம் பக்கத்துச் சங்கத்துக்காரர்கள் தங்கள் ஊர் எண்களைப் போட்டுக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சினிமாப் பாட்டு எழுதிய மாதிரி சந்தோஷம். பதில்? 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' அந்தத் தாளும் ஃபோல்டரில் இருக்கிறது.

காப்பீட்டில் இன்னொரு கூத்து. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளத்தில் மூழ்குதல் மாதிரி ஒரு வயலுக்கு மட்டும் நேரும் சேதத்தைத் தனியாகப் பார்க்க ஒரு பிரிவு உண்டு. 2018-ல் அந்தப் பிரிவில் மூழ்குதலுக்கான காப்பிலிருந்து நெல்லை எடுத்துவிட்டார்கள். நெல் தண்ணீரில் வளர்கிற பயிர், மூழ்கியதால் போனதா வேறு எதனால் போனதா என்று கணிப்பது கஷ்டம், பொய்யாகக் கேட்பார்கள் என்பது காரணம். அந்த வருஷம் நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. வயல் எங்கே, வாய்க்கால் எங்கே என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. நெல் தண்ணீரில் வளரும்தான். மீன் மாதிரி உள்ளேயே இருந்துகொண்டு வளராது. அழுகிய நாற்றைக் கத்தையாகக் கட்டி எடுத்துக்கொண்டு குறைதீர் கூட்டத்துக்குப் போவது டெல்டாவில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பெரியப்பா ஒரு தடவை கொண்டுபோன கத்தையின் வாடையில் மேடையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்களாம். "நல்லா மோந்து பாருங்க, அப்பத்தான் தெரியும்" என்றாராம்.

2025 நவம்பரில் அதைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். நெல் மூழ்கினாலும், காட்டு விலங்கு மேய்ந்தாலும் தனி வயல் சேதமாக எடுத்துக்கொள்வார்கள், 2026 காரிஃப் பருவத்திலிருந்து. ஒடிசாவில், கேரளத்தில், கர்நாடகக் கடற்கரையில், இங்கே, மழைக்கும் வெள்ளத்துக்கும் தப்பாத எல்லா நெல் பூமியும் கேட்டது இது. எந்த மனுவுக்குக் கிடைத்த பதில் என்று யாரும் சொல்ல முடியாது. ஏழு வருஷம், ஆயிரக்கணக்கான கத்தைகள்.

*

மீத்தேன் கதையைச் சொல்லாமல் விட்டால் மன்னார்குடிக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2010-ல் எங்கள் காலடியில் இருக்கும் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டர். நிலக்கரிப் படுகையில் இருக்கும் தண்ணீரை இறைத்து வெளியே விட்டால்தான் வாயு மேலே வரும். நிலத்தடி நீர் போனால் கடல் உள்ளே வரும் என்பது இங்கே பம்ப்செட் வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்தார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில், மேல்சட்டை இல்லாமல் அந்தப் பச்சைத் துண்டோடு அவர் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிரச்சாரத்தின் நடுவில்தான் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் இறந்துபோனார். 2015-ல் மாநில அரசு அனுமதி இல்லை என்றது. அப்புறம் எண்ணெய், எரிவாயு எடுக்க ஹைட்ரோகார்பன் என்ற பெயரில் வந்ததை எதிர்த்து 2017-ல் நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்கள். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். ஏற்கெனவே இருக்கிற எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது தொடவில்லை. திருச்சி, அரியலூர், கரூரைச் சேர்க்கவுமில்லை. அப்போது நாகை மாவட்டத்துக்குள் இருந்த மயிலாடுதுறையின் பெயர் 2023-ல்தான் சேர்ந்தது. அதே 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் வந்து, பத்தே நாளில் வெளியே போயின. அந்தப் பத்து நாளில் எங்கள் தாலுகாவில் எல்லாக் கட்சி விவசாய சங்கமும் ஒரே பந்தலில் உட்கார்ந்தது. கோயில் திருவிழாவில்கூட அப்படி உட்கார மாட்டார்கள்.

இந்தப் பின்னணியில் இரண்டு வருஷம் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். தஞ்சாவூரில் ஒரு ஓட்டல் ஹாலில் கருத்துக்கேட்புக் கூட்டம். யார் நடத்தினார்கள் என்பது முக்கியமில்லை, நல்ல மனிதர்கள், சாப்பாடும் நன்றாக இருந்தது. பெரியப்பாவை அழைத்திருந்தார்கள், நான் துணைக்கு. திரையில் முதல் படமே நெல் வயலிலிருந்து மீத்தேன் எழும்புவது போல. பேச வந்தவர், "டெல்டாவில் மீத்தேனைக் குறைப்பதுதான் நம் இலக்கு" என்று ஆரம்பித்தார். பெரியப்பா கையைத் தூக்கிவிட்டார். "எந்த மீத்தேன் தம்பி? கீழ இருக்கிறதா, மேல இருக்கிறதா?" ஹால் முழுக்கச் சிரிப்பு. பேச வந்தவருக்கு மட்டும் புரியவில்லை.

விஷயம் என்னவோ உண்மைதான். தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். அதற்கு மருந்து வயலை அவ்வப்போது காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது. எங்கள் பக்கம் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வார்கள். பாதிவரைகூட மீத்தேன் குறையும், தண்ணீரும் மிச்சம். இப்படிக் குறைத்த வாயுவைக் கணக்காக்கி விற்கும் கார்பன் கிரெடிட் பணமும் வரும் என்று அன்று சொன்னார்கள். 2021-ல் கிளாஸ்கோவில் 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் உறுதி சொன்னபோது இந்தியா சேரவில்லை. சிறு விவசாயியின் வயிற்றுப்பாட்டில் கைவைக்க மாட்டோம் என்பது வாதம். அது சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் கிரெடிட் வழியாக அதே சங்கதி கொல்லைப்புறமாக வந்துவிட்டது.

டீக்கு அப்புறம் பெரியப்பா மறுபடி எழுந்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: பாய்ச்சல் எங்கள் கையில் இல்லை, ஆற்றில் முறை வைத்து விடுகிறார்கள், விடுகிற அன்றைக்குக் கட்டித்தான் ஆகணும். காய்ச்சலும் எங்கள் கையில் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வயலைக் காயவைக்க வேண்டுமானால் தண்ணீர் வடிய வேண்டும், வடிகால் ஆகாயத்தாமரையும் மண்ணுமாகக் கிடக்கிறது. "நீங்க வடிகால வெட்டிக் குடுங்க. மீத்தேன நாங்க குறைக்கிறோம். பணம்கூட வேணாம்."

கொள்கைக் குறிப்பில் இதை எழுதிக்கொண்டார்களா, தெரியாது. ஆனால் அவர் சொன்னதில் இரண்டு காரியம் ஒரே கல்லில் விழுகிறது. வெள்ளத்தில் பயிர் மூழ்காமல் இருக்கத் தேவையானதும், வாயு குறையத் தேவையானதும் அதே வடிகால். 2016-ல் ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடன் கொடுத்து வெண்ணாற்றுப் பகுதியில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு கரைகளைப் பலப்படுத்தும் திட்டம் வந்தது. அதன் பெயரிலேயே காலநிலைத் தகவமைப்பு உண்டு. பெரிய ஆறுகளுக்கு அது உதவியது. ஆனால் வயலிலிருந்து அந்த ஆறு வரைக்கும் உள்ள சின்ன வடிகால்கள், முன்பு ஊர் கூடி வெட்டியவை, இப்போது யாருடையதும் இல்லை.

*

எல்லாம் ஒற்றுமையாக நடந்த மாதிரி எழுதிவிட்டேன். அப்படியில்லை. மேல்மடைக்காரர் மடையை அடைக்காததால் கடைமடைக்காரர் போலீசுக்குப் போன கதை இரண்டு எனக்கே தெரியும். சங்கத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களில் பட்டா உள்ளவர்கள்தான் அதிகம். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு ஓட்டுகிறவர் சாகுபடிச் சான்றான அடங்கலை வாங்க அலைந்துகொண்டிருப்பார், அவருக்குக் குறைதீர் கூட்டத்துக்கு வர நேரம் ஏது. நடவு ஆளுக்கும் அறுப்பு ஆளுக்கும் எந்தக் காப்பீட்டிலும் இடமில்லை. பயிர் மூழ்கினால் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று நிவாரணம் வரும், 2023-ல் 20,000 ரூபாய் அறிவித்தார்கள், ஆனால் மூழ்கிய வயலில் வேலை போனவளுக்கு ஹெக்டேர் கிடையாது. இதை ஒரு மனுவில் சேர்க்கலாம் என்று நான் சொன்னபோது திண்ணையில் ஒரு அமைதி வந்தது. "அது அவங்க சங்கம் பாத்துக்கும்" என்றார் ஒருவர். அவங்க என்றால் யார் என்று அந்தத் திண்ணையில் எல்லாருக்கும் தெரியும். பெரியப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனு ஃபோல்டரில் இல்லை.

பெரியம்மா கணக்கு தனி. ரோட்டில் நெல் காயவைத்து, மழைத் தூறலில் தார்ப்பாயை இழுத்து மூடி, மறுபடி திறந்து, காலால் கிளறி எட்டு நாள் இருந்தவர். ஈரப்பத மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, "காயவைக்கிறது நான், கையெழுத்து அவருக்கா?" என்று கேட்டுப் பேனாவை வாங்கினார். 2022-க்கு அப்புறம் மனுக்களில் பெண்கள் பெயர் வருகிறது. முதல் பெயர் அவருடையது.

*

போன வாரம் போன் வந்தது. நெல் மூழ்கினால் இழப்பீடு உண்டு என்று அறிவித்தார்களே, அதில் ஒரு விதி: சேதம் ஆன 72 மணி நேரத்துக்குள் செயலியில் இடக்குறியோடு போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். பெரியப்பா கேட்டார், "கஜா அன்னைக்கு எத்தன நாள் கரண்ட் இல்ல?" எங்கள் தெருவுக்கு இருபத்தாறு நாள் இல்லை. டவர் விழுந்து கிடந்தது. போனில் சார்ஜ் இல்லை. வயலுக்குப் போக வழியும் இல்லை, நடுவில் விழுந்து கிடந்ததெல்லாம் தென்னை.

ஆகவே 88-வது மனு. அனுப்புநர், பெறுநர் அடித்தாகிவிட்டது. பொருள்: நெற்பயிர் மூழ்கும் சேதத்தைப் பதிவு செய்ய வழங்கப்பட்டுள்ள 72 மணி நேரக் கால அளவை நீட்டிக்கக் கோருதல் தொடர்பாக. எவ்வளவு நேரம் கேட்பது என்பதில்தான் நிற்கிறது. பக்கத்து ஊர்ச் செயலாளர் பத்து நாள் என்கிறார். அதிகமாகக் கேட்டால் சுருட்டி மூலையில் போட்டுவிடுவார்கள் என்று பெரியப்பா பயப்படுகிறார். மின்சாரம் திரும்ப வந்ததிலிருந்து 72 மணி நேரம் என்று கேட்டால் என்ன என்று பெரியம்மா உள்ளேயிருந்து சொன்னார். போனில் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் பேசி முடிவெடுப்பார்களாம். அதுவரைக்கும் அந்த இடத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.